ஜோகன்னஸ்பர்க்கில் நிற்கும் கார், டர்பனில் இருக்கும் வீடு: எதை வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

என் தங்கை மகன் மூன்று வருடமாகப் பணம் சேர்க்கிறான். அவனுக்கு வேண்டியது டொயோட்டா 86. இரண்டு கதவு, பின்சக்கர உந்துவிசை, சுபாரு செய்து கொடுத்த இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின். 2012-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த கார். டர்பனில் தேடினால் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். இப்போது அவன் கைப்பேசியில் மூன்று விளம்பரங்கள் இருக்கின்றன. டர்பனை ஒட்டிய உம்ஷ்லாங்காவில் ஒன்று, ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்று, கேப் டவுனில் ஒன்று. கேப் டவுன் வண்டிக்குத்தான் விலை குறைவு, படங்களும் கண்ணைப் பறிக்கின்றன. "மாமா, லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கித் தருகிறோம் என்கிறார்கள். முன்பணம் கட்டிவிடட்டுமா?" என்று போன வாரம் கேட்டான். கட்டாதே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் கேப் டவுனிலிருந்து ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். துணிக்கூரை போட்ட வண்டி. விற்பனையாளர் நாற்பது படம் அனுப்பினார், நாற்பதும் அழகு. திறந்த லாரியில் பதின்மூன்றாம் நாள் இரவு ஏழு மணிக்கு, தூறலில் வந்து சேர்ந்தது. ஓட்டுநருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். தெருவிளக்கு வெளிச்சத்தில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை எங்கள் சந்தில் இடப்பக்கம் திரும்பியபோது, குடத்தில் தண்ணீர் அலம்புவது போல என் காலுக்கு அருகே ஒரு சத்தம் கேட்டது. வலப்பக்கம் திரும்பினேன், சத்தம் மறுபக்கம் போனது.

அந்தக் காரில் கூரை மடிந்து உட்காரும் இடத்தின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடிய ஒரு துளை உண்டு. இலைச்சருகும் தூசும் அதை அடைத்துவிட்டால், நீர் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற சட்டத்துக்குள் இறங்கித் தேங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த வெல்டர் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினார். பப்படத்தில் விரல் போவது போலப் போனது. முன் பம்பரின் கீழ் உதடும் லாரிச் சாய்தளத்தில் உரசிக் கிழிந்திருந்தது. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் என் கையெழுத்து இருந்தது. "எங்களிடமிருந்து புறப்படும்போது நன்றாகத்தானே இருந்தது" என்று விற்றவர் நான்கு மாதம் கடிதம் எழுதினார். பழுதுச் செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது.

இதில் லாரிக்காரரின் பங்கு அந்த உதட்டுக் கீறல் மட்டும்தான். துருப்பிடித்த வண்டியை யாரும் பார்க்காமல் வாங்கியது நான். ஆகவே தங்கை மகனிடம் முதலில் சொன்னது இதுதான்: எந்த வண்டி என்பது ஒரு கேள்வி, எப்படிக் கொண்டுவருவது என்பது வேறு கேள்வி. "வாசலில் இறக்கித் தருகிறோம்" என்ற ஒரே வாக்கியத்தில் விற்பவர்கள் இரண்டையும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். போக்குவரத்தின் வசதியைக் கேட்டு மயங்குகிற நேரத்தில் வண்டியைப் பற்றிய கேள்வி நழுவிவிடுகிறது.

முதலில் மூன்று வண்டிகளையும் எடுத்துக்கொள்வோம்.

பக்கத்தில் இருப்பது என்பதற்காகவே உம்ஷ்லாங்கா வண்டிக்கு நான் மதிப்பெண் கூட்டித் தரவில்லை. 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை இங்கு வாழ்கிறவர்கள் நேரிலேயே பார்த்தோம். அவற்றில் சில துடைத்து, உலர்த்தி, வாசனை தெளித்து மீண்டும் விற்பனைக்கு வந்தன. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சீட் பெல்ட்டை அது முடியும் வரை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள். அங்கே சேற்று நிறத்தில் ஒரு கோடு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துரு, கம்பளத்துக்கு அடியில் மண் வாசனை ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். உம்ஷ்லாங்கா வண்டியை நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். வெள்ளத்தின் தடயம் இல்லை. ஆனால் எக்ஸாஸ்ட் குழாயை மாற்றியிருந்தார்கள், பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது, வண்டி உயரத்தைக் குறைத்திருந்தார்கள். 86 இளைஞர்கள் சறுக்கி விளையாட ஆசைப்படுகிற வண்டி. அப்படி விளையாடப்பட்ட ஒன்றுக்கு அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மாற்றங்களைச் சொல்லாமல் காப்பீடு எடுத்தால், விபத்து நாளில் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார் என்பது இன்னொரு காரணம்.

கேப் டவுன் வண்டியும் கடலோர வண்டி. உப்புக்காற்று அதன் அடிப்பகுதியை என்ன செய்திருக்கிறது என்பதைப் படங்கள் சொல்லாது. ஜோகன்னஸ்பர்க் வறண்ட மேட்டுநிலம், அங்கே ஓடிய வண்டியில் துரு குறைவு. எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்த மேட்டுநிலத்துக்கு அதற்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, ஆலங்கட்டி மழை. கோடை மாலைகளில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து, பத்து நிமிடத்தில் கூரையையும் பானட்டையும் குழிக்குழியாக்கிவிட்டுப் போய்விடும். 2013 நவம்பரில் அப்பகுதியில் விழுந்த ஆலங்கட்டி ஏராளமான கார்களைப் பதம் பார்த்தது. இவன் பார்க்கும் வண்டி 2013 மாடல். பெயின்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால், மாவு பூசிச் சமன் செய்த இடத்தில் எண் சட்டென்று உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஜோகன்னஸ்பர்க்கைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அந்த நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து சதவீத வலுவை இழக்கும். 147 கிலோவாட் என்று தாளில் எழுதிய 86 அங்கே ஏறக்குறைய 122 கிலோவாட் போலத்தான் ஓடும். அதே வண்டி டர்பனுக்கு இறங்கியதும் தன் முழு வலுவுடன் பாயும். இது நமக்கு நல்ல செய்தி. ஆனால் உண்மையிலேயே களைத்துப்போன ஓர் எஞ்சினை "உயரத்தினால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தள்ளிவிடவும் இதே காரணம் பயன்படும். டர்பனிலிருந்து போய் ஒரு முறை ஓட்டிப் பார்க்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. அங்கேயே தினமும் வண்டி பார்க்கிற ஆய்வாளருக்குத் தெரியும்.

அதனால்தான், எவ்வளவு சிக்கனக்காரராக இருந்தாலும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்வதில் காசு பார்க்காதீர்கள். டெக்ரா, ஏஏ போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. அந்த மாடலை அறிந்த தனி மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. அவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் முதல் முறை கிளப்பும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சூடேற்றி வைத்த எஞ்சின் பல நோய்களை மறைக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைக் கேளுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். தடம் ஆழமாகத் தெரிந்தாலும் அது கிழட்டு டயர்தான். 2012, 2013 ஆண்டு 86 வண்டிகளின் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றுவதற்காக 2018-இல் பல நாடுகளில் அவற்றைத் திரும்ப அழைத்தார்கள். வண்டியின் விஐஎன் எண்ணை, அதாவது அதன் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணை, ஏதாவது ஒரு டொயோட்டா கிளையில் கொடுத்தால், அந்த வண்டிக்கு அது பொருந்துமா, வேலை முடிந்ததா என்று சொல்வார்கள்.

பதிவுச் சான்றிதழில் கோட் 2 என்று இருந்தால் பழைய கார், கோட் 3 என்று இருந்தால் உடைந்து மறுபடி கட்டப்பட்டது. கோட் 2 என்று பார்த்தவுடன் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கைகழுவிய வண்டிகளில் சில அதே கோட் 2 பெயரிலேயே சந்தைக்குத் திரும்பியிருக்கின்றன. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கம் இதற்காக இணையத்தில் ஒரு தேடல் வைத்திருக்கிறது, அதில் விஐஎன் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிகர் விற்ற பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுதுபார்ப்போ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்த நாட்டில் பழைய பொருள் விற்பவர்கள் சொல்லும் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல், அதாவது 'இருக்கிறபடியே எடுத்துக்கொள், பிறகு கேட்காதே' என்பது, தனியார் ஒருவர் தன் காரை விற்கும்போது செல்லும். தொழிலாகக் கார் விற்பவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. வாகனத் துறைக்கென்று ஒரு குறைதீர்ப்பாளரும் இருக்கிறார். இவ்வளவும் உண்மை. ஆனாலும் 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒருவரோடு வழக்காடுவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதே வணிகர் இங்கே டர்பனில், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்திருந்தால் சனிக்கிழமை காலை அவர் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன்.

இங்கே ஒரு சிறு விலகல். நம் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் ஜப்பானியப் பழைய கார்களைப் பார்த்துவிட்டு, "நேராக ஜப்பானிலிருந்தே கொண்டுவரலாமே" என்று கேட்கிறவர்கள் அநேகம். மொரீஷியஸ் உறவினர்கள் அப்படி வாங்குவதைப் பார்த்த பழக்கம். அந்தக் கார்கள் டர்பனில் இறங்கி ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற அண்டை நாடுகளுக்குப் போகின்றன. தென்னாப்பிரிக்காவுக்குள் பழைய காரை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். வெளிநாட்டில் தங்கள் பெயரில் கார் வைத்திருந்து நாடு திரும்புகிறவர்கள் போன்ற சிலருக்கே அது கிடைக்கும். அந்த யோசனையை இத்துடன் விட்டுவிடலாம்.

இனி கொண்டுவரும் வழி.

திறந்த லாரிதான் மலிவு, பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதும் அதுதான். சாதாரணக் குடும்பக் காருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. 86-இன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது. செங்குத்தான சாய்தளத்தில் ஏற்றும்போது உரசும். பதிவு செய்யும்போதே வண்டியின் பெயரைச் சொல்லி, நீளப் பலகை வைத்து ஏற்றுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மேல்தட்டில் நிற்கும் வண்டியின் எண்ணெய் கீழ்த்தட்டு வண்டியின் மேல் சொட்டும், மேல்தட்டில் முன்னால் நிற்பது கல்லடி வாங்கும். சங்கிலியை சஸ்பென்ஷன் கையில் மாட்டாமல் சக்கரத்தைப் பட்டையால் கட்டச் சொல்லுங்கள். லாரி நிறையும் வரை வண்டி ஏதோ ஒரு முற்றத்தில் காத்திருக்கும், ஆகவே சொன்ன தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். வந்து சேர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில், கழுவிய வண்டியில், புறப்பட்ட இடத்துப் படங்களைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்தான் கையெழுத்து. இருட்டில் வந்தால், "இருட்டில் பெற்றேன், சோதிக்கவில்லை" என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். அன்று எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

மூடிய லாரி வேண்டும் என்றால் எங்களுக்குச் சொன்ன விலை திறந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. விலை உயர்ந்த போர்ஷேவுக்கோ, சேகரிப்பாளர் வண்டிக்கோ அது நியாயம். பத்து வயதுக்கு மேலான 86-க்கு அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் போடலாம். எந்த லாரியானாலும் சரக்குக் காப்பீட்டில் நாமே முதலில் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். சின்னக் கீறல்கள் எல்லாம் அந்தத் தொகைக்குக் கீழேயே அடங்கிவிடும்.

கூலிக்கு ஓட்டுநர் வைத்து ஓட்டிவரச் செய்யும் வழியும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு அது வேண்டாம். முன்பின் தெரியாதவர் கையில் அந்த எஞ்சினையும் கிளட்ச்சையும் அறுநூறு கிலோமீட்டர் கொடுத்து அனுப்ப என்னால் முடியாது.

நாமே போய் ஓட்டி வருவது கடைசி வழி. இது ஊரைப் பொறுத்தது. கேப் டவுனிலிருந்து என்றால் கரூ பாலைநிலம் தாண்டி ப்ளூம்ஃபொன்டெய்ன், ஹாரிஸ்மித் வழியாகவோ, கடற்கரையை ஒட்டிய என்2 நெடுஞ்சாலை வழியாகவோ 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இரண்டு நாள், ஓர் இரவுத் தங்கல். என்2-இல் எம்தாத்தா பக்கம் மாடும் ஆடும் சாலையைக் கடக்கும், குழிகளும் உண்டு. பக்கச்சுவர் குட்டையான டயர் போட்ட தாழ்ந்த கார் ஒரு குழியில் இறங்கினால் ரிம் வளைந்துவிடும். இத்தகைய கார்கள் பலவற்றில் உதிரிச் சக்கரமே கிடையாது, ஒட்டுப்பசைக் குப்பியும் சிறு பம்ப்பும்தான். கிழிந்த டயருக்கு அந்தக் குப்பியால் பயனில்லை. புதிதாக வாங்கிய, நாம் அறியாத வண்டியில் அந்தப் பயணம் போகச் சொல்லி என் தங்கை மகனை அனுப்ப மாட்டேன். கேப் டவுன் என்றால் லாரிதான்.

ஜோகன்னஸ்பர்க் கணக்கு வேறு. விமானத்தில் ஒரு மணி நேரம், திரும்பி என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர், ஒரே பகல். பெட்ரோலும் சுங்கமும் விமான டிக்கெட்டும் சேர்த்தாலும், எங்களிடம் கேட்கப்பட்ட லாரிக் கூலியைவிடக் குறைவாகவே வந்தது. அதைவிட முக்கியமானது, பணம் கைமாறும் முன் நம் கண்ணும் காதும் அந்த வண்டியோடு இருக்கும். இருபது நிமிட ஓட்டத்தில் பிடிக்கவில்லை என்றால், "மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டு மாலை விமானத்தில் திரும்பிவிடலாம். லாரி ஏற்பாட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை.

அந்தப் பாதையில் கவனிக்க வேண்டியவை எனக்கு மனப்பாடம். புறப்படும் இடத்திலேயே 95 ஆக்டேன் பெட்ரோல் நிரப்புங்கள். மேட்டுநிலத்தில் 93-உம் விற்கிறார்கள், ஆனால் கடல்மட்டத்துக்கு இறங்கும் இந்த எஞ்சினுக்கு 95-தான் பாதுகாப்பு. வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கும், சில ஆண்டுகளில் பனியே பொழியும். 2024 செப்டம்பரில் பனியில் சிக்கி என்3-இல் வண்டிகள் இரவு முழுவதும் நின்றன. கோடையில் விடியலுக்கு முன் கிளம்பினால் மாலை ஆலங்கட்டிக்கு முன்பே மேட்டுநிலத்தைத் தாண்டிவிடலாம். ஹாரிஸ்மித்தில் நிறுத்தி எண்ணெய் அளவையும் சக்கர நட்டுகளையும் பாருங்கள், கார் நின்ற இடத்தில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் டவுன் ஹில் சரிவில் கனரக லாரிகளுக்கு நடுவே பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

இந்த நாட்டில் கார் காப்பீடு சட்டப்படி கட்டாயம் இல்லை. பெட்ரோல் வரியிலிருந்து நடக்கும் சாலை விபத்து நிதி உடல் காயத்துக்குத்தான் ஈடு தரும், வண்டிக்குத் தராது. எனவே சாவியை வாங்கும் முன்பே காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் கருவியைப் பொருத்தும் வரை திருட்டுக்கு ஈடு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பணம் அனுப்பும்போது மின்னஞ்சலில் வந்த வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நாமே தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் அழைத்து, ஒவ்வோர் இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். இடையில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றிவிடும் மோசடி இங்கே சாதாரணமாகிவிட்டது.

மாகாணம் மாறுகிற வண்டி என்பதால் காகித வேலையும் உண்டு. பெயர் மாற்றிப் பதிய 21 நாள்தான் அவகாசம். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் எடுத்த நாளிலிருந்து 60 நாள் செல்லும். கூரியரில் வரும் அசல் பதிவுச் சான்றிதழ் தாமதமாகி, தற்காலிக அனுமதிச் சீட்டு காலாவதியாகி நிற்பவர்கள் பலர். நேரில் போகிறவர் அசலைக் கையோடு வாங்கி வந்துவிடலாம். ஓட்டிவரும் வழிக்கு இது இன்னொரு ஆதரவு.

ஆகவே நாங்கள் முடிவு செய்தது ஜோகன்னஸ்பர்க் வண்டி, நாங்களே ஓட்டி வருவது. கேப் டவுன் வண்டியின் விலை வித்தியாசம் லாரிக் கூலியிலும், எனக்குத் தெரிந்த அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின் பயத்திலும் கரைந்துவிட்டது.

ஆய்வறிக்கை வியாழக்கிழமை வரும். அதில் அடிச்சட்டம் நேராக இருக்கிறது, பெயின்ட் எண்கள் சமமாக இருக்கின்றன என்று இருந்தால், அன்றைக்கே மாலை விமானத்துக்கு இரண்டு டிக்கெட் எடுப்போம். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்துப் பணம் கட்டி, சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு என்3-இல் ஏறுவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூசை என்று தங்கை இப்போதே சொல்லிவிட்டாள், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருக்கிறாள். அறிக்கை வேறு மாதிரி வந்தால் டிக்கெட் எடுக்கப் போவதில்லை. இதை அவனிடமும் சொல்லிவிட்டேன். "சரி மாமா" என்றான்.